பஸ் கம்பெனி மோர்ப்பந்தல்

செட்டிகுளம் பங்குனி உத்திரத்துக்குப் பெரம்பலூர் பஸ் கம்பெனி மோர்ப்பந்தல் போட்டிருந்தது. கண்டக்டர் சாமிதுரை தொண்டை வற்றக் கூவியும் ஒருவரும் ஒதுங்கவில்லை. கொளுத்தும் வெயிலில் தாய்மார்கள் வாலிபப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சுற்றிப் போனார்கள்.

"காசு வேணாங்க! மோருதானே, விஷமா வச்சிருக்கேன்? முருகா, தர்மம் வாங்கக்கூட ஆளில்லையா?" என்று சலித்துக்கொண்டார்.

கடைசியில் ஒருத்தி வந்து இரண்டு டம்ளர் குடித்தாள்.

"நீங்களாச்சும் வந்தீங்களே, ஆத்தா!"

"எப்பய்யா கூட்டிட்டுப் போவீங்க?"

"எங்க?"

"பட்டாளத்துக்குத்தான். மோரக் குடுத்து வெள்ளைக்காரன் சண்டைக்கு ஆள் பிடிக்கிறீங்கன்னு ஊரே சொல்லுது. எம்மவன் போயி ரெண்டு வருசமாச்சு. அவன் இருக்குற எடத்துல என்னையும் விட்டுடுங்க."

சாமிதுரை குனிந்து தன் காக்கிச் சட்டையைப் பார்த்தார். அதைக் கழற்றி வைத்துவிட்டு அவளருகே உட்கார்ந்தார்.

"மகன் பேரு என்ன, ஆத்தா?"