எக்ஸ்பிரஸ் வேகம்

“என்னம்மா, உன் கம்ப்யூட்டருக்கு ஜன்னி கண்டுருச்சா? இப்படிப் பினாத்துது,” என்றார் மேனேஜர்.

“ஹெட்செட் வயர் அறுந்துபோச்சு சார். இன்னிக்கு ஒரு நாளைக்கு ஸ்பீக்கர்தான்.”

பார்சல் கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். கண் தெரியாது. திரையில் இருப்பதை ஸ்கிரீன் ரீடர் வாசித்துச் சொல்லும். அதை அவள் ஓட்டுகிற ஓட்டத்தில் கேட்டால் மற்றவர்களுக்குத் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை. ஓர் எழுத்தும் பிடிபடாது. அந்தத் தைரியத்தில்தான் ஆபீஸ் நடுவில் உட்கார்ந்துகொண்டு, அக்காவோடு நடக்கும் மெயில் சண்டையைச் சத்தமாக ஓடவிட்டிருந்தாள்.

வீட்டில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். வங்கி அதிகாரி. மாலைக்குள் சரியா, இல்லையா என்று சொல்லியாக வேண்டும். ‘ஏண்டி இழுத்தடிக்கிற? மனசுல எவனாச்சும் இருக்கானா?’ என்று அக்கா கேட்டிருந்தாள்.

இவளும் பட்டென்று எழுதிவிட்டாள்: ‘இருக்கான். பக்கத்து மேசைக் கணக்கர். சிரிச்சா தண்ணியில்லாம மோட்டார் ஓடுற மாதிரி இருக்கும். அந்தச் சத்தம் கேக்காத நாளு எனக்கு நாளே இல்ல.’

அக்காவுக்கு ஒரு வியாதி. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறாளோ அதை விட்டுவிட்டு, கைக்குக் கிடைத்த பழைய மெயிலில் பதில் போடுவாள். சண்டை கண்டபடி கிளை விட்டிருந்தது. எந்தப் பதில் எதற்கு என்று தெரிய, அம்புக்குறியைத் தட்டித் தட்டி மேலும் கீழும் ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொரு பதிலுக்குக் கீழேயும் பழைய கதை மொத்தமும் தொங்கும். கண் உள்ளவர்கள் அதை ஒரே பார்வையில் தாண்டிப் போய்விடுவார்கள். ஸ்கிரீன் ரீடர் தாண்டாது. சலிக்காமல் முதலிலிருந்து வாசிக்கும்.

‘...மேனேஜர் ஒரு ஊதின பலூன். ஊசி இருந்தா அனுப்பு...’

“என்ன இருந்தாலும் டெக்னாலஜி டெக்னாலஜிதான்,” என்று பக்கத்தில் நின்று மெச்சினார் மேனேஜர். கணக்கருக்கு டீ புரையேறியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இப்படியொரு சுதந்திரம் கண் உள்ள எவருக்குக் கிடைக்கும்?

மேனேஜர் நகர்ந்ததும் கணக்கர் மெதுவாகச் சொன்னார். “மேடம், என் ஹெட்செட் சும்மாதான் கிடக்கு. எடுத்துக்குங்களேன்.”

“வேணாம்.”

“இல்ல, உங்க நல்லதுக்குத்தான்...”

“என் நல்லது ஊருல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல. காது வலிச்சா பஞ்சு வச்சுக்குங்க சார்.”

அவள் வீட்டிலேயே முதன்முதலில் பட்டம் வாங்கியவள். வழிகாட்டுகிறேன் என்று கேட்காமல் கையைப் பிடித்தவர்களையும், காது கேட்காதவளிடம் பேசுவதுபோல் கத்தியவர்களையும் ஒரே வார்த்தையில் ஓட்டியவள். இரவல் ஹெட்செட்டா வாங்குவாள்?

அக்காவின் அடுத்த பதில் விழுந்தது. ‘அவன்கிட்டயே கேட்டுத் தொலையேண்டி.’ அதற்கு அடியில் வழக்கம்போலப் பழைய பாட்டு முழுவதும்.

‘மாட்டேன். பாவம்னு நினைச்சு சரின்னுட்டா? அந்தப் பிச்சை எனக்கு வேணாம். என்மேல ஆசை இருந்தா அவனே வந்து சொல்லட்டும்’ என்று தட்டிவிட்டு, பிழை இருக்கிறதா என்று ஓடவிட்டுக் கேட்டாள்.

மேசைமேல் எதையோ வைக்கும் சத்தம். வயர் அவள் விரலில் உரசியது.

“தயவுசெஞ்சு இதை மாட்டிக்குங்க மேடம். எனக்குப் பாவமா இருக்கு.”

போச்சு. அந்த ஒரு சொல்லுக்கு அவளிடம் மன்னிப்பே கிடையாது. ஹெட்செட்டை அவர் பக்கமே தள்ளிவிட்டாள்.

“உங்க பாவத்தை நீங்களே வச்சுக்குங்க.”

“நான் அந்த அர்த்தத்துல...”

“எல்லா அர்த்தமும் எனக்குத் தெரியும். வேலையைப் பாருங்க சார்.”

விசைப்பலகையை உடைப்பதுபோல் தட்டினாள். ‘அக்கா, இவனும் ஊரோட ஒருத்தன்தான். பாவம்னு சொல்லிட்டான். அந்த வங்கிக்காரராவது இன்னும் சொல்லல. அவருக்கே சரின்னு சொல்லிடு.’

அந்தக் கோபத்திலும் பழக்கம் விடவில்லை. அனுப்புவதற்கு முன் ஒருமுறை ஓடவிட்டாள். ஆலங்கட்டி மழை பெய்து ஓய்ந்தது. விரல் அனுப்பும் விசைக்குப் போனது.

“அனுப்பாதீங்க,” என்றார் கணக்கர்.

“எதை?”

“வங்கிக்காரருக்குச் சரி சொல்றதை.”

விரல் அந்தரத்தில் நின்றது.

“நீங்க கேக்குற மாதிரி நானும் கேட்டுப் பாக்கணும்னு ஆசை. இதே குரலை என் போன்ல போட்டு, தினம் பஸ்ல கேட்டு, கொஞ்சங்கொஞ்சமா ஏத்தி, இப்பத்தான் உங்க வேகத்துக்கு வந்து சேந்தேன்,” என்றார் அவர். “காலையில அந்த மோட்டார் வரி வந்தப்ப என் காதை நானே நம்பல மேடம், உங்கக்கா ஒவ்வொரு பதிலுக்கு அடியிலயும் அதையே இழுத்துட்டு வந்ததுல இப்ப மனப்பாடமே ஆயிருச்சு.”