நூற்றிருபதைத் தொடாத முள்

ஒரு பழைய இங்கிலீஷ் மோட்டார்சைக்கிள். அதன் ஸ்பீடாமீட்டர் முள்ளுக்கு ஒரே ஒரு ஆசைதான். வட்டத்தின் கடைசியில் நூற்றிருபது என்று எழுதியிருக்கிறதே, அதை ஒரு தடவையாவது தொட்டுவிட வேண்டும். சந்தைக்கும் சர்ச்சுக்கும் போய்வந்த பிழைப்பில் அது நாற்பதைத் தாண்டியதே இல்லை, பாவம்.

ஒருநாள் வண்டியை வேகப் போட்டிக்காக உப்புவெளிக்குக் கொண்டுபோனார்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளை. ஒரு திருப்பம் கிடையாது. முள்ளுக்குச் சிலிர்த்துவிட்டது.

“கனத்தைக் குறைக்கணும்” என்று ஓட்டுகிறவர் முகப்பு விளக்கைக் கழற்றினார், மட்கார்டைக் கழற்றினார். அப்புறம் ஸ்பீடாமீட்டரையும் கழற்றித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். “வேகத்தைத்தான் முடிவுக் கோட்டுல கடிகாரத்தோட நிக்கிறவங்க கணக்குப் போட்டுடுவாங்களே!”

உறுமல் கிளம்பித் தூரத்தில் தேய்வது பெட்டிக்குள் கேட்டது. பிறகு ஒரே கைதட்டல்.

உப்பு அப்பிக் கொதித்துக்கொண்டு வண்டி திரும்பி வந்து நின்றது.

“தொட்டோமா?” என்று கேட்டது முள்.

“தெரியலையே” என்றது வண்டி. “ஆளுங்க ஏதோ சொல்லிக் குதிச்சாங்க, எனக்குப் புரியலை. வழியெல்லாம் ‘இப்ப எவ்வளவு, இப்ப எவ்வளவு’ன்னு உன்னைத்தான் கேட்டுக்கிட்டே போனேன்.”