வெளுத்த உருண்டைகள்

மார்ச் 11, செவ்வாய். மாலை ஆய்வக வகுப்பில், என்னோடு படிக்கும் ஜெசிந்தாவின் கண்ணாடித் தட்டில் இருந்த நாற்றுகள் அழுகிவிட்டன என்று நினைத்து, அவற்றைக் கிருமி கொல்லும் ப்ளீச்சிங் வாளியில் கொட்டிவிட்டேன். முளைத்த நாற்றுகளில் ஓர் இலைகூட இல்லை, வெளுத்த உருண்டைகள்தான் இருந்தன. அவளைக் கேட்டிருக்கலாம்.

ஜெசிந்தா வந்து வாளிக்குள் பார்த்தாள்.

"நீ சுத்தக்காரன்னு சொன்னாங்க தனபாலு, இவ்ளோன்னு சொல்லல. அது அழுகலடா. உயிரோடதான் இருந்துச்சு."

அவள் சொன்னபிறகுதான் புரிந்தது: முளைத்தபின் விதைப்பருவத்து மரபணுக்கள் செயல்படாமல் மூடிக்கொள்ள வேண்டும். மரபணு இழை சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தின் மேலுள்ள வேதிக் குறிகளை ஒரு நொதி நீக்கினால்தான் அவை மூடிக்கொள்ளும். அவள் தன் விதைகளுக்கு இட்டிருந்தது அந்த நொதியைத் தடுக்கும் மருந்து. அதனால் அந்த நாற்றுகள் வெளியே வந்த பிறகும் தங்களை விதைக்குள் இருக்கும் கருவென்றே நம்பி, இலை விடாமல் உருண்டைகளாகவே வளர்ந்துகொண்டிருந்தன. அவள் தேர்வுக்குக் காட்ட வேண்டியதே அந்த உருண்டைகளைத்தான்.

"மருந்து மிச்சம் இருக்கா?" என்றேன்.

"எங்க இருக்கு? நாளைக்கு சார்கிட்ட, முளைக்கவே இல்லன்னு சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத, உனக்கும் மார்க் போயிரும்."

நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

நாளை அவளுக்கு முன்பே போய், கொட்டியது நான் என்று சாரிடம் சொல்ல வேண்டும்.