வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாக

ஜெலாப்பாங்கில் இருந்த தங்கள் வீட்டு வாசலுக்கு வண்ணத்துப்பூச்சிகள் வர வேண்டுமென்றுதான் புனிதா ஆசை ஆசையாக இட்லிப்பூச் செடிகளை நட்டு வளர்த்தாள். அன்று காலை எட்டிப் பார்த்தால், கணவர் பத்துமலை அவற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, என்னா பண்றீங்க? நேத்துகூட மஞ்சப் பூச்சி வந்துச்சுலா!”

“இங்க செரி மரம் வைக்கப் போறேன். பழம் தின்ன மைனா, குயிலு, கொண்டைக்குருவி எல்லாம் வரும்.”

“வந்து விடியறதுக்குள்ள கத்தும். பூச்சிங்க சத்தம் போடுதா? அழகா வந்துட்டுப் போகுது.”

“அதான் வேணாங்கறேன்.”

புனிதாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு!” என்று மண்வெட்டியைப் பறித்தாள்.

பத்துமலை செடிகளைப் பார்த்தபடியே சொன்னார்.

“நேத்து டாக்டரு கைய விரிச்சிட்டாரு, புனிதா. இனிப்புநீரு வியாதி ரெண்டு கண்ணையும் கெடுத்துருச்சாம். மரம் காய்க்கறப்ப எனக்குப் பார்வை இருக்காது. வாசல்ல ஒக்காந்தா, ஏதோ வந்துருக்குன்னு காதுக்காவது தெரியணும்லா.”

அவர் பிடுங்கப் போன கடைசிச் செடியைப் புனிதா கையால் மறித்தாள்.

“இது மட்டும் இருக்கட்டுங்க. தெரியற வரைக்கும் பாருங்க.”

பிறகு, செரி மரத்துக்கு அவளே குழி வெட்டத் தொடங்கினாள்.