ஆட்டத்தைக் கெடுத்தவள்

"இனிமே கூடைப்பந்து கிடையாது. பரீட்சை வருது, படிக்கிற வழியைப் பாரு."

டாக்டர் வாயைத் திறக்கறதுக்குள்ள பொண்ணோட அம்மா முந்திக்கிட்டாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

பொண்ணு என் டீம்ல ஆடறவ. பதினஞ்சு வயசு. முழங்கால் ஜவ்வு கிழிஞ்சு ஒரு ஆபரேஷன். மறுபடி ஆட வந்த கொஞ்ச நாள்லயே அதே கால்ல, அதே ஜவ்வு. இன்னொரு ஆபரேஷன். எப்ப ஆடலாம்னு டாக்டர்கிட்ட கேக்கத்தான் வந்தா. துணைக்குக் கோச் நான்.

"அம்மா, டாக்டர் சொல்லட்டுமே"ன்னா பொண்ணு.

"அவர் என்ன சொல்றது? நான் சொல்றேன். வேண்டாம்னா வேண்டாம்."

"உனக்கு ஆரம்பத்துலேர்ந்தே பிடிக்கலை. கால் போனது உனக்கு நல்லதாப் போச்சு, இல்ல?"

அந்த அம்மா சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க.

"இந்த ஜென்மத்துல உன்னை மன்னிக்க மாட்டேன்"னு சொல்லிட்டு, பொண்ணு நொண்டிக்கிட்டே வெளிய போய்க் கதவை அறைஞ்சு சாத்தினா.

என் வாய் சும்மா இருக்குமா?

"ஏம்மா, பெத்த பொண்ணு வாழ்க்கையில நீங்களே மண்ணை அள்ளிப் போடலாமா? ராத்திரி பகலா உழைச்ச பொண்ணும்மா அது. உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

டாக்டர் என்னைக் கையமர்த்தினார்.

"சார், ஜவ்வை மட்டும்தான் என்னால தைக்க முடிஞ்சது. உள்ளே குருத்தெலும்பு ரொம்பச் சிதைஞ்சிருக்கு. இனிமே ஓடிக் குதிச்சா, கொஞ்ச வருஷத்துல நடக்கறதே கஷ்டமாயிடும். நேத்தே அம்மாகிட்ட போன்ல சொல்லிட்டேன்."



டாக்டர் அந்த அம்மா பக்கம் திரும்பினார். "நானே பக்குவமா எடுத்துச் சொல்லியிருப்பேனேம்மா. நீங்க எதுக்கு வாங்கிக் கட்டிக்கறீங்க?"

"நீங்க சொன்னா, ஏன் இப்படி ஆச்சுன்னு கேப்பா டாக்டர். முதல் ஆபரேஷனுக்கு அப்புறம், வீக்கம் இருந்தா ஆடக்கூடாதுன்னு நீங்க சொல்லியும் கேக்காம, வீங்கின முழங்காலை எனக்கும் தெரியாம சாருக்கும் தெரியாம நீளமான சாக்ஸால மறைச்சுக்கிட்டு ஆடினா பாருங்க, அதனாலதான்னு சொல்ல வேண்டி வரும்."

"என்னிக்காவது ஒருநாள் தெரியத்தானே போகுது?"

"தெரியட்டும். அன்னிக்குத் தாங்கற வயசு வந்திருக்கும்."

மன்னிப்புக் கேக்க எழுந்தேன். அந்த அம்மா அதுக்குள்ள கண்ணைத் துடைச்சுக்கிட்டு, கைப்பையை எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டாங்க.

"நீங்களும் அவகிட்ட என்னைத்தான் திட்டணும் சார். தன்னைத்தானே திட்டிக்கிட்டு மூலையில முடங்கறதுக்குப் பதிலா, அவ என்னைத் திட்டிட்டு நிமிர்ந்து நிக்கட்டும்."