ஒரு போல்ட் குறையுது

பட்டப்பகலில், வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே வினோதன் திருடினான். காருக்கு அடியில் மல்லாக்கப் படுத்திருந்தது வசதியாகப் போய்விட்டது. எடுத்ததைக் காற்சட்டைப் பைக்குள் தள்ளிவிட்டு, முகத்தைப் பால்குடிப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு வெளியே ஊர்ந்து வந்தான்.

“அங்கிள், ஒரு போல்ட் குறையுது.”

“இண்டைக்குமோ?” வரதராசா இடுப்பில் கையை வைத்தார். “போன கிழமையும் குறைஞ்சது. அதுக்கு முதல் கிழமையும் குறைஞ்சது. இந்த வெள்ளவத்தையில எலி போல்ட்டும் தின்னுதோ?”

“பழைய கார் எண்டா அப்பிடித்தான் அங்கிள்.”

பழைய காரைப் பற்றி வினோதனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. கொள்ளுப்பிட்டியில் ஒரு இன்சூரன்ஸ் கம்பனியில் வேலை. வரதராசாவின் பழைய மொரிஸ் மைனர் காரைப் படம் எடுத்துப் போகத்தான் முதன்முதல் இந்த வீட்டுக்கு வந்தான். மகள் மிதுனா தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். கோப்பையை வாங்கிய கையோடு, “பழைய கார் வேலையெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு அங்கிள்” என்று வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

அடுத்த கிழமையே வரதராசா போன் எடுத்தார். முன் பம்பரும் பின் பம்பரும் கறள் பிடித்துவிட்டனவாம், இரண்டையும் கழற்றிப் போட்டிருக்கிறாராம், திருப்பிப் பூட்டித் தரமுடியுமா என்று கேட்டார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வினோதன் பஸ்ஸிலா வந்தான்? பறந்து வந்தான். கறளைத் தேய்க்கத் தாளும் வாங்கிக்கொண்டுதான் வந்தான். ஆனால் எவ்வளவு தேடியும் கறள் ஓரிடத்திலும் அகப்படவில்லை. பம்பரில் அவன் முகம்தான் பளிச்சென்று தெரிந்தது. பாவம், மனிதருக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

அன்று தொடக்கம் ஞாயிற்றுக்கிழமை என்றால் மொரிஸ் மைனர்தான். யூடியூபைப் பார்த்து பிராக்கெட் பூட்டப் பழகினான். முன் பம்பர் ஒருவழியாக ஏறிவிட்டது. பின் பம்பர் ஏறப்போகிற நேரம் பார்த்து ஒரு போல்ட் காணாமற்போகும். அடுத்த கிழமை அதே போல்ட்டைக் கொண்டுவந்து, “பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையள் முழுக்க அலைஞ்சு பிடிச்சனான் அங்கிள்” என்று கொஞ்சமும் கூசாமல் நீட்டுவான். அன்றைக்கு வேறொன்று காணாமற்போகும்.

மிதுனாவும் சும்மா இருக்கவில்லை. கட்லட் கொண்டுவருவாள், ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற சாட்டில் நின்று கதைப்பாள். போன கிழமை மெல்லக் குனிந்து கேட்டேவிட்டாள்.

“பம்பர் பூட்டத்தான் வாறீங்களோ, இல்லாட்டி அப்பாவிட்ட வேற ஏதும் கேக்கிற எண்ணமும் இருக்கோ?”

இருந்தது. ஆனால் வரதராசாவின் மீசையைக் கண்டதும் அந்த எண்ணம் தொண்டைக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

இன்று வரதராசா உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, இண்டைக்கு எப்பிடியும் பூட்டி முடிக்கவேணும். அடுத்த ஞாயிறு மிதுனாவைப் பொம்பிளை பார்க்கக் கனடா மாப்பிள்ளையின்ர ஆக்கள் வருகினம். அவையளை இந்தக் காரிலதான் கூட்டிக்கொண்டு வரப்போறன்.”

ஸ்பானர் நழுவி வினோதனின் காலில் விழுந்தது. கால் நொந்ததா என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. அவன் நெஞ்சு அப்படி நொந்தது. தான் மாய்ந்து மாய்ந்து பூட்டுகிற கார், தான் ஆசைப்பட்ட பெண்ணைப் பார்க்க எவனோ ஒருத்தனின் வீட்டாரை ஏற்றிக்கொண்டு வரப்போகிறதாம்! இனி மீசையாவது மண்ணாங்கட்டியாவது. பைக்குள் கையை விட்டான்.

“அங்கிள், எலி ஒண்டும் தின்னேல்லை. நான்தான் எடுத்தனான். ஒவ்வொரு கிழமையும் நான்தான். பூட்டி முடிஞ்சா இந்த வீட்டுக்கு வர எனக்கு வேற சாட்டு இல்லை.” ஒரே மூச்சில் மிச்சத்தையும் கொட்டினான். “மிதுனாவை எனக்குக் கட்டித் தாங்கோ. கனடா ஆக்களை வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ!”

கட்லட் தட்டோடு வந்த மிதுனா வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒரு கட்லட் உருண்டு விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை, முகம் முழுக்க அப்படி ஒரு சிரிப்பு. பிறகுதான் கடைசி வசனம் அவளுக்கு உறைத்தது.

“அப்பா, அது ஆர் கனடா ஆக்கள்?”

“முதல்ல அந்தப் போல்ட்டைப் பூட்டும்” என்றார் வரதராசா வினோதனிடம்.

வினோதன் திரும்பவும் காருக்கு அடியில் போனான். வலப்பக்கம் பூட்டினான், நன்றாக இறுக்கினான். இடப்பக்கம் பார்த்தால், அங்கேயும் ஓர் ஓட்டை வெறுமையாக இருந்தது.

“அங்கிள், இன்னொண்டும் குறையுது! சத்தியமா இண்டைக்கு நான் ஒண்டுதான் எடுத்தனான்!”

வரதராசா சாவதானமாகக் குனிந்து, தன் சட்டைப் பையிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

“கனடா மாப்பிள்ளையும் இல்லை, ஒருத்தரும் இல்லை. நீர் வாய் திறக்க இவ்வளவு நாள் எடுப்பீர் எண்டு தெரிஞ்சிருந்தா, நான் எஞ்சினையும் கழட்டியிருப்பன்.”