பக்கத்து வீட்டுக் கொடி

"வாங்க, வாங்க. காலைத் துடைச்சிட்டு உள்ள வாங்க" என்று கதவை அகலத் திறந்தான் யெல்லெ. வரிசையாக நுழைந்தவர்களை எண்ணிக்கொண்டான். பதினோரு பேர்.

வேறு வழி? வெள்ளிச் சாமான்களைப் பையில் அள்ளிக்கொண்டு நழுவலாம் என்று கதவைத் திறந்தால், வாசலில் கூட்டம். செப்டம்பரில் ஒரு சனி, ஞாயிறு ஆம்ஸ்டர்டாமின் பழைய வீடுகள் கொடி கட்டி ஊரையே உள்ளே விடும். கொடி என்னவோ பக்கத்து வீட்டுடையதுதான். காற்றில் அது இந்த வாசலுக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது. கொடியைக் கண்டுவிட்டால் இந்த ஊர்க்காரர்கள் கேள்வியே கேட்க மாட்டார்கள், வரிசையில் நின்றுவிடுவார்கள்.

"நீங்கதானே சுத்திக் காட்டறவர்?" என்றார் முன்னால் நின்றவர். யெல்லெ தலையாட்டி வைத்தான்.

மாட்டினால் நான்கு வருஷம். ஜெயிலிலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "இன்னொரு தடவை உள்ள போனே, என் வாசப்படி மிதிக்காதே" என்று அக்கா சொல்லியிருந்தாள். அவளை விட்டால் அவனுக்கு யாரும் இல்லை.

"இந்தக் கூடத்தைக் கட்டினவர் ஒரு ஜாதிக்காய் வியாபாரி. அவருக்கு மூணு கப்பல், ரெண்டு பொண்டாட்டி..." வாய்க்கு வந்ததை அளந்தான். எல்லோரும் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் அந்த அம்மாளைக் கவனித்தான். நரைத்த தலை, நீலக் கம்பளிச் சட்டை. மாடிப்படியின் அடியில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். வாசல் வழியாக வந்தவர்களில் இவள் இல்லை.

இவள் வீட்டுக்காரியோ? வீட்டுக்காரர்கள் வெளியூர் போயிருக்கிறார்கள் என்று விசாரித்துத்தான் வந்திருந்தான். ஆனால் அவர்கள் முகத்தை அவன் பார்த்ததே இல்லை.

"பை ரொம்ப கனமோ, தம்பி?" என்றாள் அவள்.

"புத்தகம்மா. இந்த வீட்டோட வரலாறு."

"நடந்தா கிணுகிணுன்னு சத்தம் போடுதே, அப்படி என்ன வரலாறோ!"

கூட்டம் சிரித்தது. யெல்லெயும் சிரித்தான். முதுகில் வியர்வை வழிந்தது.

சிவப்புக் கழுத்துத்துணி கட்டிய ஒருவர் மாடிப்படியில் கால் வைத்தார். "மேல போய் ஒரு எட்டுப் பார்த்துட்டு வரலாமா?"

யெல்லெ வாய் திறப்பதற்குள் அந்த அம்மாள் கையைக் குறுக்கே நீட்டினாள். "மேல யாரும் போகக் கூடாது. படி செங்குத்து. விழுந்து காலை ஒடிச்சுக்காதீங்க." அந்த அதட்டலில் மனிதர் இறங்கிவிட்டார்.

சந்தேகமே இல்லை, இவள்தான் வீட்டுக்காரி. கூட்டம் கலையட்டும் என்று காத்திருக்கிறாள். யெல்லெ சமையலறை ஓடுகளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினான். தோட்டத்துப் பேரிக்காய் மரத்தைப் பற்றி இன்னும் பத்து நிமிடம். அதற்குமேல் அளக்க அந்த வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை.

"பிரமாதமா சொன்னீங்க" என்று கைகுலுக்கிவிட்டு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அவர்களோடு ஒட்டிக்கொண்டு அவனும் நகர்ந்தான்.

தோளில் ஒரு கை விழுந்தது. "நீ இரு."

அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். யெல்லெ பையை அவள் காலடியில் வைத்தான்.

"எல்லாம் இதுலயே இருக்கும்மா. ஒரு ஸ்பூன்கூட வெளிய போகல. போலீசை மட்டும் கூப்பிடாதீங்க. எங்க அக்கா என்னைச் சேர்க்கவே மாட்டா..." அழுகை வந்துவிட்டது அவனுக்கு.

அவள் குனிந்து பைக்குள் எட்டிப் பார்த்தாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மாடியை நோக்கிக் குரல் கொடுத்தாள்:

"கெரிட், பயப்படாம இறங்கி வா. இவனும் நம்ம தொழில்தான்!"